லினக்சில் போக்குவரத்து நெறிமுறைகளை அமைத்தல்

போக்குவரத்து நெறிமுறை என்பது இரு கணினிகளில் இயங்கும் நிரல்களுக்கிடையே தரவு எவ்வாறு துண்டாக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, பெறப்பட வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். இணையத்தில் பெருமளவில் பயன்படுபவை டிசிபி, யுடிபி என்ற இரண்டும் ஆகும். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இவை கருனியின் உள்ளேயே செயல்படுகின்றன. எனவே இவற்றின் நடத்தையை மாற்ற விரும்பும் நிர்வாகி, நிரலைத் திருத்துவதில்லை. கருனி வெளிக்காட்டும் மாறிகளின் மதிப்பை மாற்றுகிறார். லினக்சில் இம்மாறிகள் 'ப்ராக்' கோப்பு முறைமையின் கீழ்க் கோப்புகளைப் போலத் தோன்றும். 'சிஸ்சிடிஎல்' என்ற கட்டளை அவற்றைப் படிக்கவும் மாற்றவும் உதவுகிறது.

இக்கட்டுரையில் கட்டளைகளும் மாறிகளும் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே இட வேண்டும்.

பின்னணி

யுடிபி 1980 ஆகத்தில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 768 ஆவணத்தாலும், டிசிபி 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793 ஆவணத்தாலும் வரையறுக்கப்பட்டன. 1983-இல் வெளியான 4.2பிஎஸ்டி, டிசிபியை யுனிக்சின் பகுதியாக்கிப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு சேர்த்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், தரவு வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. இதை ஆராய்ந்த வான் ஜேகப்சன் 1988-இல் முன்வைத்த நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளே இன்றைய டிசிபியின் அடிப்படை.

இந்தியாவில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸ் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகும். தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளின் ஆய்வகங்களில் லினக்ஸ் இன்று புதிதன்று. எனினும், அதன் போக்குவரத்து அமைப்புகளை இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டும் வழக்கம் நீடிக்கிறது. அப்பட்டியல்கள் வேறொரு ஊரில், வேறொரு தொலைவுக்கு, வேறொரு கருனிப் பதிப்புக்கு எழுதப்பட்டவை.

தொலைவும் சாளரமும்

சென்னைக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையில் உள்ள மறைமலை நகரில் ஓர் அலுவலகம், நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இழை இணைப்பைப் பெற்றிருப்பதாகக் கொள்வோம். சென்னையில் உள்ள சோதனைச் சேவையகத்தோடு அளந்தால் முழு வேகம் கிடைக்கிறது. அமெரிக்காவில் உள்ள ஒரு சேவையகத்திலிருந்து பெரிய கோப்பை இறக்கினால் அதில் பத்தில் ஒரு பங்கே கிடைக்கிறது. இணைப்பு வழங்குநர் ஏமாற்றுகிறார் என்ற முடிவுக்கு வருவது எளிது. பல நேரங்களில் குறை வழங்குநரிடம் இல்லை.

டிசிபியில் அனுப்புநர் தரவை அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்குக் காத்திருக்கிறார். ஒப்புகை வரும் முன் எவ்வளவு தரவை வழியில் விடலாம் என்பதைப் பெறுநர் அறிவிக்கும் 'சாளரம்' வரையறுக்கிறது. ஒரு சுற்றுப்பயண நேரத்தில் ஒரு சாளர அளவு தரவே செல்ல முடியும். ஆகவே வேகத்தின் உச்சவரம்பு, சாளர அளவைச் சுற்றுப்பயண நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. இணைப்பு எவ்வளவு அகலமானாலும் இந்த வரம்பு மாறாது.

சுற்றுப்பயண நேரத்தின் கீழ்வரம்பை ஒளியின் வேகம் தீர்மானிக்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி வடம் 2002-இல் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். போக 16 மில்லிநொடி, வர 16 மில்லிநொடி என 32 மில்லிநொடி ஒளிக்கே தேவை. மறைமலை நகரிலிருந்து வடம் கரையேறும் சென்னை வரையிலான தரைவழித் தொலைவு அரை மில்லிநொடி அளவையே கூட்டும். திசைவிகளில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்து 35 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த எண் குறையாது.

டிசிபியின் மூல வடிவத்தில் சாளர அளவைக் குறிக்க 16 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே பெரும சாளரம் 65,535 பைட்டு. சிங்கப்பூருக்கு 35 மில்லிநொடி என்றால் இதனால் கிடைக்கக்கூடிய உச்ச வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 1992-இல் வந்த ஆர்எஃப்சி 1323, சாளர எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் முறையை அறிமுகப்படுத்தி இத்தடையை நீக்கியது. லினக்சில் 'டிசிபி_விண்டோ_ஸ்கேலிங்' என்ற மாறி இதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் இயல்பு மதிப்பு 1. அதை 0 ஆக்கச் சொல்லும் பழைய குறிப்புகள், சாளரப் பெருக்கத்தைப் புரிந்துகொள்ளாத பழுதான தீச்சுவர்கள் இருந்த காலத்தவை. இன்று அப்படிச் செய்தால் 1 கிகாபிட் இணைப்பு, சிங்கப்பூரைப் பொறுத்தவரை 15 மெகாபிட் இணைப்பாகிவிடும்.

ஒரு வழியை நிரப்பத் தேவையான தரவின் அளவு, இணைப்பின் வேகத்தைச் சுற்றுப்பயண நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். 1 கிகாபிட் வேகத்துக்கு, 35 மில்லிநொடியில் இது ஏறத்தாழ 4.4 மெகாபைட்டு. அமெரிக்கச் சேவையகத்துக்கு 230 மில்லிநொடி என்று கொண்டால் ஏறத்தாழ 29 மெகாபைட்டு. அமைப்பில் இட வேண்டிய எண் இக்கணக்கிலிருந்து வர வேண்டும்.

இடையக அளவுகள்

பெறும் தரவைக் கருனி வைத்திருக்கும் நினைவகப் பகுதி பெறும் இடையகம் எனப்படும். 'டிசிபி_ஆர்மெம்' என்ற மாறி இதன் அளவை மூன்று எண்களால் குறிக்கிறது: குறுமம், தொடக்க அளவு, பெருமம். அனுப்பும் இடையகத்துக்கு 'டிசிபி_டபிள்யூமெம்' என்ற இணையான மாறி உண்டு. போதிய நினைவகமுள்ள கணினிகளில் பெறும் இடையகத்தின் பெருமம் 2012 முதல் பல ஆண்டுகளாக 6 மெகாபைட்டாகவும், அனுப்பும் இடையகத்தின் பெருமம் 4 மெகாபைட்டாகவும் இருந்தன. அண்மைக் கருனிகளில் பெறும் பெருமம் உயர்த்தப்பட்டுள்ளது. ஆகவே தம் கணினியில் இருப்பதை முதலில் படித்துப் பார்ப்பதே சரி.

6 மெகாபைட்டு முழுவதும் சாளரமாக அறிவிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கருனி வைத்துக்கொள்ளும் கணக்குவிவரங்களுக்கும் இடம் வேண்டும். பழைய இயல்பு அமைப்பில் பாதி அதற்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சும் 3 மெகாபைட்டு சாளரத்தில் சிங்கப்பூரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 720 மெகாபிட் பெறலாம். பெரும்பாலோர் குறையே உணரமாட்டார்கள். அதே சாளரத்தில் அமெரிக்காவிலிருந்து 110 மெகாபிட்டுக்கு மேல் வராது. மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு இதுதான்.

இதைச் சரிசெய்ய மூன்றாம் எண்ணை மட்டும் உயர்த்தினால் போதும். 29 மெகாபைட்டின் இருமடங்கை ஒட்டி 64 மெகாபைட்டு, அதாவது 67108864, எனலாம். இது உச்சவரம்பு மட்டுமே; ஒவ்வொரு இணைப்புக்கும் அவ்வளவு நினைவகம் ஒதுக்கப்பட்டுவிடாது. தேவைக்கேற்ப இடையகத்தை வளர்ப்பதைக் கருனியே தானாகச் செய்கிறது. நடு எண்ணைத் தொட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் வலைச் சேவையகத்தில் நடு எண்ணையும் 64 மெகாபைட்டாக்குவது வீண் துணிச்சல்.

இங்கே இரு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. முதலாவது, 'நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ்' என்ற வேறொரு மாறியை உயர்த்திவிட்டு டிசிபி விரைவாகும் என்று எதிர்பார்ப்பது. இம்மாறி, தன் இடையக அளவைத் தானே கேட்டுப்பெறும் நிரல்களையே கட்டுப்படுத்துகிறது. கருனி தானாக வளர்க்கும் டிசிபி இடையகம் இதற்குக் கட்டுப்பட்டதன்று. இன்னும் சொல்லப்போனால், நிரல் ஓர் அளவைக் கேட்டுப்பெற்றவுடன் அந்த இணைப்புக்குத் தானியங்கி வளர்ச்சி நின்றுவிடுகிறது. இரண்டாவது தவறு 'டிசிபி_மெம்' தொடர்பானது. டிசிபி முழுவதும் சேர்ந்து எடுக்கக்கூடிய நினைவகத்தைக் குறிக்கும் இம்மாறி பைட்டுகளில் அன்று, பக்கங்களில் எண்ணப்படுகிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட்டு. ஆர்மெம்முக்கான எண்ணை இதிலும் ஒட்டினால், 64 மெகாபைட்டு என்று நினைத்து 256 கிகாபைட்டுக்கு அனுமதி கொடுத்ததாகும். வரம்பே இல்லாததற்கு அது சமம்.

இடையகம் இரு முனைகளிலும் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோப்பை இறக்குபவர் தம் பெறும் இடையகத்தை எவ்வளவு உயர்த்தினாலும், தொலைவில் உள்ள சேவையகத்தின் அனுப்பும் இடையகம் சிறிதாக இருந்தால் பயனில்லை. அதை மறைமலை நகரிலிருந்து மாற்றவும் முடியாது. ஒரே கோப்பைப் பல இணைப்புகளாகப் பிரித்து இறக்கும் நிரல்கள் விரைவாக இருப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிச் சாளரம் கிடைக்கிறது.

மாற்றிய மதிப்புகள் கணினியை மறுதொடக்கம் செய்ததும் மறைந்துவிடும். நிலைத்திருக்க, 'ஈடிசி' அடைவின் கீழுள்ள 'சிஸ்சிடிஎல்.டி' அடைவில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். அக்கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் மேல், அந்த எண் எந்தத் தொலைவையும் வேகத்தையும் கொண்டு கணக்கிடப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால், அடுத்து வரும் நிர்வாகி நன்றியுடன் இருப்பார்.

நெரிசல் கட்டுப்பாடு

சாளரம் பெறுநரின் கொள்ளளவைக் காட்டுகிறது. வழியில் உள்ள நெரிசலை அனுப்புநரே ஊகிக்க வேண்டும். எந்தப் படிமுறையால் ஊகிப்பது என்பதை லினக்சில் 'டிசிபி_கன்ஜெஷன்_கண்ட்ரோல்' என்ற மாறியால் தேர்ந்தெடுக்கலாம். 2006-இல் வெளியான 2.6.19 கருனி முதல் இயல்புத் தேர்வு க்யூபிக். ஃப்ரீபிஎஸ்டி நெடுங்காலம் நியூரீனோவை வைத்திருந்து, 2023-இல் வெளியான 14-ஆம் பதிப்பில் க்யூபிக்குக்கு மாறியது.

க்யூபிக்கும் அதற்கு முந்தைய ரீனோவும் பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு வேகத்தைக் குறைக்கின்றன. கம்பியில்லா இணைப்புகளிலும் பழுதான இழை இணைப்பிகளிலும் நெரிசல் இல்லாமலே பொட்டலங்கள் தொலையும். 10,000 பொட்டலங்களுக்கு ஒன்று தொலைந்தாலும், ரீனோவுக்கான சமன்பாட்டின்படி 35 மில்லிநொடித் தொலைவில் கிடைக்கும் சராசரி வேகம் 40 மெகாபிட்டை ஒட்டியே இருக்கும். க்யூபிக் இதைவிட ஓரளவு மேல். இத்தகைய வழியில் இடையகத்தை எவ்வளவு பெருக்கினாலும் பலன் இராது. இழப்பைக் கண்டுபிடித்துக் கம்பியையோ இணைப்பியையோ மாற்றுவதே முதல் வேலை.

கூகுள் உருவாக்கிய பிபிஆர் 2016-இல் 4.9 கருனியில் சேர்ந்தது. இது இழப்பைவிட, வழியின் வேகத்தையும் சுற்றுப்பயண நேரத்தையும் அளந்து செயல்படுகிறது. தொலைதூர, இழப்புள்ள வழிகளில் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் முதல் பதிப்பு, ஒரே குறுகிய வழியைப் பகிரும் பிற இணைப்புகளை ஒதுக்கித் தள்ளுகிறது என்ற குற்றச்சாட்டு ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பொதுச் சேவையகத்தில் வைக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நெரிசல் கட்டுப்பாடு அனுப்புநர் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும் என்பதும் மறக்கப்படுகிறது. கோப்புகளை இறக்க மட்டும் செய்யும் மடிக்கணினியில் பிபிஆரை இயக்குவதால் இறக்க வேகம் கூடாது.

பொட்டலங்கள் வரிசையில் நிற்கும் முறையும் தாமதத்தைப் பாதிக்கும். நீண்ட வரிசைகளால் ஏற்படும் தாமதத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்க்யூ-பை என்ற முறை, கருநாடகத்தின் சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினரின் பங்களிப்பாக 2020-இல் 5.6 கருனியில் சேர்க்கப்பட்டது. இந்தியக் கல்லூரி ஆய்வகம் ஒன்றிலிருந்து லினக்சின் வலையமைப்புப் பகுதிக்குச் சென்ற குறிப்பிடத்தக்க பங்களிப்பு இது.

டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்: ஒரு நகலெடுப்பின் விலை

இணைப்பை முதலில் மூடும் பக்கம், தாமதமாக வரும் பழைய பொட்டலங்கள் புதிய இணைப்பில் கலந்துவிடாமல் இருக்கச் சிறிது நேரம் காத்திருக்கிறது. இந்நிலை 'டைம்-வெயிட்' எனப்படும். லினக்சில் இது 60 நொடி; மாறியால் மாற்ற முடியாதது. 'டிசிபி_ஃபின்_டைம்அவுட்' இதை மாற்றும் என்று பல குறிப்புகள் கூறுவது தவறு. அது வேறொரு நிலைக்கான காலவரம்பு.

இந்நிலையில் உள்ள ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பட்டியலில் கண்டு அஞ்சியவர்களுக்காகப் பரவிய மருந்து 'டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்'. இதை இயக்கினால், சேவையகம் ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த நேரமுத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே முகவரியிலிருந்து அதைவிடச் சிறிய நேரமுத்திரையுடன் வரும் புதிய இணைப்புக் கோரிக்கையைப் பழையது என்று கருதி, எந்தப் பிழைச்செய்தியும் தராமல் எறிந்துவிடும். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரே கணினி இருந்தால் இது சரி. இந்தியாவில் கைப்பேசி இணைப்புகளில் பெரும்பாலானவை முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் இருப்பவை. கட்டாங்கொளத்தூர்ப் பக்கத்து மாணவர் விடுதி ஒன்றில் நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே பொது முகவரியில் வெளியே வரலாம். ஒவ்வொரு கருவியின் நேரமுத்திரையும் வேறு. விளைவு: ஒரு மாணவருக்குத் தளம் திறக்கும், பக்கத்து அறை மாணவருக்குத் திறக்காது. சற்று நேரம் கழித்து நிலைமை தலைகீழாகும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இப்படி நேர்ந்தால், சேவையகத்தின் பதிவேட்டில் ஒரு தடயமும் இராது. அங்கு சுமையும் குறைவாகவே தெரியும்.

2017-இல் வெளியான 4.12 கருனியில் இம்மாறி அடியோடு நீக்கப்பட்டது. ஆனாலும் பழைய கருனியில் ஓடும் சேவையகங்களும், இவ்வரியைக் கொண்ட பட்டியல்களும் இன்னும் உள்ளன. பெயரில் ஒத்திருக்கும் 'டிசிபி_டிடபிள்யூ_ரீயூஸ்' இத்தகைய கேடு செய்வதில்லை. அது வெளியே இணைப்புகளைத் தொடங்கும் பக்கத்துக்கு மட்டும் உரியது. ஒரே இலக்கை நோக்கி அடிக்கடி இணையும் இடைநிலைச் சேவையகத்துக்கு அது தேவைப்படலாம். இயல்பாக அனுமதிக்கப்பட்ட உள்ளகப் போர்ட் எண்கள் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. ஒவ்வொன்றும் 60 நொடி காத்திருந்தால் ஒரே இலக்குக்கு நொடிக்கு ஏறத்தாழ 470 புதிய இணைப்புகளே இயலும். வெறும் வலைச் சேவையகத்தில் டைம்-வெயிட் இணைப்புகள் மிகுந்திருப்பது நோயன்று. சிறிதளவு நினைவகமே அதன் செலவு.

ஏற்பு வரிசை

தேர்வு முடிவு வெளியாகும் காலையைப் போல ஒரே நேரத்தில் பலர் வரும்போது, இணைப்பு முடிந்தும் நிரல் ஏற்காத கோரிக்கைகள் ஒரு வரிசையில் நிற்கும். அதன் உச்சநீளத்தை 'சோமேக்ஸ்கான்' குறிக்கிறது. 2019-இல் வந்த 5.4 கருனியில் இதன் இயல்பு மதிப்பு 128-இலிருந்து 4096 ஆனது. வரிசை நிரம்பினால் கோரிக்கைகள் ஓசையின்றி விடப்படும். வருபவரின் கணினி ஒரு நொடி கழித்து மீண்டும் முயலும். இம்மாறியை மட்டும் உயர்த்துவது போதாது, ஏனெனில் நிரல் கேட்கும் அளவும் இதுவும் ஆகிய இரண்டில் சிறியதே நடைமுறைக்கு வரும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டும் லினக்சில் இயல்பாக 511 கேட்கின்றன. 'எஸ்எஸ்' கட்டளையால் கேட்பு நிலையில் உள்ள போர்ட்டுகளைப் பட்டியலிட்டால், வரிசையில் தற்போது நிற்பவையும் அதன் வரம்பும் அடுத்தடுத்த நிரல்களில் தெரியும்.

பிற நெறிமுறைகள்

2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வெளியான க்யுக், யுடிபியின் மேல் பயனர் நிரலுக்குள்ளேயே ஓடுகிறது. எனவே மேலே கூறிய டிசிபி மாறிகள் எவையும் அதைத் தொடுவதில்லை. மாறாக, டிசிபிக்குப் பயனற்றது எனக் கண்ட 'ஆர்மெம்_மேக்ஸ்' இங்கே முக்கியமாகிறது. அதன் நெடுநாளைய இயல்பு மதிப்பான 212992 பைட்டு, விரைவான க்யுக் சேவைக்குப் போதாது. தொலைபேசிக் குறிகைகளுக்காக 2000-இல் வரையறுக்கப்பட்ட எஸ்சிடிபி, கைப்பேசிக் கோபுரங்களை மைய வலையமைப்புடன் இணைப்பதில் பயன்படுகிறது. லினக்சில் அது தனிக் கூறாக ஏற்றப்பட வேண்டும். வீட்டுத் திசைவிகள் பலவும் அதைக் கடத்துவதில்லை.

ஆய்வகத்தில் செய்து பார்த்தல்

கடல் கடந்த சேவையகம் இல்லாமலே மாணவர்கள் இவற்றைச் சோதிக்கலாம். மூன்று லினக்ஸ் கணினிகளை வரிசையாக இணைத்து, நடுக்கணினியைத் திசைவியாக்கி, அதில் 'டிசி' கட்டளையின் 'நெட்எம்' கூறு மூலம் 35 மில்லிநொடி தாமதத்தைச் சேர்த்தால், சிங்கப்பூர் அடுத்த மேசைக்கு வந்துவிடும். முனைகளில் 'ஐபெர்ஃப்3' கொண்டு வேகத்தை அளக்கலாம். ஓட்டத்தின்போது 'எஸ்எஸ்' கட்டளையின் விரிவான வெளியீட்டில் சுற்றுப்பயண நேரம், நெரிசல் சாளரம், மறுஅனுப்புகை ஆகியவற்றைக் காணலாம். சாளரப் பெருக்கத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டினால் 15 மெகாபிட் என்ற கணக்கு அப்படியே கண்முன் வரும்.

இச்சோதனையில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நெட்எம் தாமதப்படுத்தி வைத்திருக்கும் பொட்டலங்களின் எண்ணிக்கைக்கு இயல்பான வரம்பு 1,000. 1 கிகாபிட் வேகத்தில் 35 மில்லிநொடி தாமதத்துக்கு, 1,500 பைட்டு கொண்ட ஏறத்தாழ 2,900 பொட்டலங்கள் வழியில் இருக்க வேண்டும். வரம்பை உயர்த்தாவிட்டால் நெட்எம்மே பொட்டலங்களை எறியத் தொடங்கும். அளந்த வேகம் குறைந்ததற்கு டிசிபி அமைப்பு காரணம் என்று பதிவேட்டில் எழுதப்படும். தாமதத்துடன் 'லிமிட்' மதிப்பையும் 10,000 போன்ற பெரிய எண்ணாகக் கொடுத்து, நெட்எம் எறிந்த பொட்டலங்களின் எண்ணிக்கை சுழியம் என்பதை 'டிசி' புள்ளிவிவரத்தில் உறுதி செய்துகொண்டபின் அளவீட்டைத் தொடங்க வேண்டும்.